கலீலின் குறட்டை

ஆஸ்பத்திரிக் கூடத்தில் முதுகுவலிக்காரர்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சுக்கு முதுகு இல்லை. வரும்போதெல்லாம் கோதண்டம் இதைக் கவனிப்பார். ஒரு மனு எழுதிக் கொடுக்கலாமா என்று யோசிப்பார். பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிகளை எதிரே உட்காரவைத்துப் பேசிய சங்கத் தலைவன் கடைசியில் ஒரு பெஞ்சுக்கு மனு எழுதுவதா என்று கசப்பு ஏறும், விட்டுவிடுவார். இன்றைக்கும் அப்படித்தான். கைத்தடியைக் கால்களுக்கு நடுவே ஊன்றி, அதன் வளைவில் இரண்டு கைகளையும் வைத்து, பாரத்தை முன்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இப்படி உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து இடது காலுக்கு இறங்கும் எரிச்சல் முழங்காலோடு நின்றுகொள்ளும், பாதம் வரை போகாது. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவனுக்குக் காலில் ஒரு எரிச்சல் இருக்கும், கழுவினாலும் போகாது, எண்ணெய் போட்டாலும் போகாது. அதே எரிச்சல்தான். ஆனால் இது தோலில் இல்லை, உள்ளே நரம்பில் ஓடுகிறது. வருஷக்கணக்கில் இரவும் பகலும் ஓடியது. இந்த மார்ஃபின் மாத்திரை வந்த பிறகு அது பக்கத்துத் தெருவில் நடக்கிற சண்டை மாதிரி ஆகிவிட்டது. சத்தம் கேட்கிறது, யாரோ யாரையோ அடிக்கிறார்கள், அடிபடுகிறவன் நான் இல்லை. இன்று மாத்திரை வாங்கும் நாள். இருந்த கடைசி மாத்திரையை விடியற்காலையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை, வழக்கத்துக்கு மாறாக. அந்த மிச்சமின்மை சட்டைப் பைக்குள் லேசாக உறுத்திக்கொண்டிருந்தது, ஆனால் அதைப் பற்றி இப்போது நினைக்கத் தேவையில்லை.

சுவரோரமாகச் சிஸ்டர் பெனினா படப் பலகையைத் தூக்கி நாற்காலிமேல் நிறுத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் உள்ளே கூப்பிடத் தொடங்கும் முன்னால் வாராவாரம் நடக்கிற சடங்கு இது. புதிதாக வந்தவர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள், பழையவர்கள் கொட்டாவி விடுவார்கள். கோதண்டம் ஆரம்பத்திலிருந்தே கேட்டதில்லை. அவருக்கு விதிகளைத் தெரியும். எந்த விதியானாலும் தெரியும். ஷாப்பு வாசலில் முதலாளி கரும்பலகையில் எழுதிப் போடுவான்: கையுறை இல்லாமல் ட்ரம்மில் கை விடக்கூடாது. கையுறை கொடுக்க மாட்டான். கை வெந்துபோனவன் நஷ்டஈடு கேட்டால் கரும்பலகையைக் காட்டுவான். விதி என்பது எழுதுகிறவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுவது. இதை அவர் எத்தனை வாயிற்கூட்டங்களில் சொல்லியிருக்கிறார், எத்தனை துண்டுப் பிரசுரங்களில் எழுதியிருக்கிறார், பள்ளிக்கூடத்தில் படிக்காததையெல்லாம் அந்தப் பிரசுரங்களைப் படித்தும் எழுதியும்தான் படித்தார். மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, பூட்டி வைக்க வேண்டும், ஒரே டாக்டரிடம் மட்டும் வாங்க வேண்டும், காலி அட்டையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கூடாது, வேண்டும், கூடாது, வேண்டும். முதல் நாள் அந்த இளம் டாக்டரம்மா இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னபோது அவர் தலையை ஆட்டியபடி அவளுடைய பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பெண்தான். வலியே இல்லாமல் ஆக்க முடியாது ஐயா, வலி குறைஞ்சா நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க, அதைச் சொல்லுங்க, என்று கேட்டாள். எழுபது வயசில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மே தினத்தன்று கொடிமரம் வரைக்கும் நடந்து போய் நானே கொடி ஏத்தணும்மா, என்றார். அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். இந்த மே தினத்தில் ஏற்றினார். கயிற்றை இழுக்கும்போது கீழே நின்று கைதட்டியவர்களில் பழைய சங்கத் தோழன் கலீலும் இருந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடி.

"சிஸ்டர், ராத்திரியில ஒரு கட்டிங் மட்டும் போட்டுக்கினா தப்பா?" முன்வரிசையில் இருந்து ஆட்டோக்காரர் ஏகாம்பரம் கேட்டார். அவருக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து பட்டை போட்டிருந்தது. திரும்ப முடியாததால் பலகையைப் பார்த்தே பேசினார். "கட்டிங்னா பாதிதான சிஸ்டர், மீதி பாதிய மச்சான்கிட்ட குடுத்துடுறேன்." கூடம் சிரித்தது. "மச்சானுக்கு முழுசாவே குடுத்துடுங்க, நீங்க தண்ணி குடிங்க," என்றாள் பெனினா. "சாராயமும் வேணாம், தூக்க மாத்திரையும் வேணாம். இதோட சேர்ந்தா ரெண்டும் மூச்சைப் பிடிச்சு அமுக்கும்." தூக்க மாத்திரை என்ற சொல் கோதண்டத்தின் காதில் விழுந்து, அங்கேயே கொஞ்சம் நின்றது. கலீல் தூக்க மாத்திரை போடுகிறவன். ஊரில் எல்லோருக்கும் தெரியும், மெடிக்கல் ஷாப்புக்காரன் சீட்டுக்கூடக் கேட்காமல் கொடுப்பான். சரி, அதற்கென்ன. அவர் கால் மாற்றிக்கொண்டார். எரிச்சல் முழங்காலைத் தாண்டி இறங்கப் பார்த்தது. நேற்றுச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. வரவேண்டாம் என்று நினைத்தார், வந்தது. சங்க ஆபீஸின் பின்னறையில், அவர் குடியிருக்கிற அந்த ஒற்றை அறையில், கலீல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஈரத் தோல் தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகு, தேய்ந்த முழங்கால். குரோம் தண்ணியின் ஆவியை நாற்பது வருஷம் குடித்த நெஞ்சு, நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிற நெஞ்சு. ஆஸ்பத்திரிக்கு வாடா என்று எத்தனையோ முறை கூப்பிட்டாயிற்று. வரிசையில நிக்கறதுக்கு வலியே தேவல, என்பான். நேற்று அப்படிச் சொல்லவில்லை. கோதண்டம் மாத்திரை போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு அவனுக்கே உரிய அந்தச் சாய்ந்த சிரிப்போடு சொன்னான், "இன்னா தலைவரே, உனக்கு மட்டும் சர்க்கார் மருந்து. தலைவருக்கு ஒரு வலி, தொண்டனுக்கு ஒரு வலியா?"

அது விளையாட்டுக்குச் சொன்னது. கோதண்டத்துக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை போய்த் தைத்த இடம் விளையாட்டான இடம் இல்லை. கதவடைப்பு காலத்தில் கஞ்சித் தொட்டி நடத்தியபோது, அகப்பையைத் தன் கையில் வைத்துக்கொண்டவர் அவர். தலைவனுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே அளவு. ஒரு பீடி இருந்தால் பாதி பாதி. ஜெயிலில் ஒரு போர்வை கிடைத்தபோது அதைக் கிழித்துப் பகிர்ந்தவர்கள் அவரும் கலீலும். பிற்காலத்தில் வந்த தலைவர்கள் கார் வைத்துக்கொண்டார்கள், கான்ட்ராக்ட் எடுத்தார்கள், முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கோதண்டம் பின்னறையில்தான் இருக்கிறார். அவரைப் பார்த்து ஒருவனும் அந்த ஒரு குற்றத்தைச் சொல்ல முடியாது. கத்தரிக்கோலை எடுத்தார். அட்டையில் மிச்சமிருந்ததைச் சரிபாதியாக வெட்டினார். "நான் ராத்திரி ஒண்ணு போடுறேன், விடியறதுக்கு முன்ன ஒண்ணு. நீயும் அப்படியே போடு." கலீல் அட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "கொஞ்சமா ஆரம்பிக்கணுமோ?" என்று கேட்டான். கேட்டானா? கேட்டான். இப்போது அந்தக் கேள்வி தெளிவாகக் காதில் விழுகிறது, நேற்று விழவில்லை. "எனக்கு ஒண்ணு, உனக்கு அரையா? சும்மா இரு," என்றார் கோதண்டம்.

"யாருக்குமே முதல்லயே பெரிய அளவு கொடுக்க மாட்டோம்," பெனினா சொல்லிக்கொண்டிருந்தாள். பலகையில் ஏணி மாதிரி ஒரு படம், கீழ்ப்படியில் ஒரு சின்ன மாத்திரை, மேலே போகப் போகப் பெரியது. "உடம்பு பழகப் பழகத்தான் ஏத்துவோம். இன்னிக்கு உங்களுக்கு எழுதற மாத்திரை, போன வருஷம் உங்களுக்கே கொடுத்திருந்தா உங்களுக்கே ஆபத்து. அதனாலதான் உங்க மாத்திரை உங்களுக்கு மட்டும்." கோதண்டம் அந்த ஏணியைப் பார்த்தார். அவரும் அதில் ஏறியவர்தான். முதலில் கொடுத்தது சின்னது, பாதி உடைத்துப் போடச் சொன்னது. அப்போதே தலை சுற்றி, வாந்தி எடுத்து, இரண்டு நாள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிறகு ஒரு படி, பிறகு ஒரு படி. ஒவ்வொரு படிக்கும் டாக்டரம்மா வரச்சொன்னாள், மூச்சைப் பார்த்தாள், மலம் போகிறதா என்று கேட்டாள், மறதி இருக்கிறதா என்று கேட்டாள். இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்திருக்கிறார். அவர் மெல்ல மெல்ல ஏறிய மாடியில் கலீலைக் கொண்டுபோய் நேராக நிற்க வைத்துவிட்டார். சம பங்கு. அவர் கைத்தடியை இறுக்கிப் பிடித்தார். அது வயசானவனுக்குச் சொல்வது, நோஞ்சானுக்குச் சொல்வது. கலீல் ஒரே ஆளாக ஈரத் தோல் கட்டைத் தோளில் ஏற்றியவன். அவனுக்கு ஒன்றும் ஆகாது. காலையில் பார்த்துவிட்டுத்தானே வந்தோம். பார்த்தோமா? கேட்டோம். அதே தானே.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் உப்புக் கிடங்குத் தெருவில் திரும்பியபோது, குழாயடியிலிருந்தே கேட்டது. கலீலின் குறட்டை. ஜன்னல் திறந்திருந்தது. அவன் மனைவி ஜமீலா குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. "அண்ணா, கேக்குதா? எத்தினி நாளாச்சு இவுரு இப்படித் தூங்கி. ராத்திரி ஒண்ணு போட்டாரு, வழக்கமா போடற தூக்க மாத்திரையும் போட்டாரு. நடுவுல முழிச்சு, ஜமீலா, முழங்கால் எங்க இருக்குதுன்னே தெரியலன்னு சிரிச்சாரு, இன்னொண்ணும் போட்டுக்கினாரு. பாங்கு சொல்லியும் எழுந்திருக்கல. எழுப்பட்டுமா?" கோதண்டம் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தார். ஆழத்திலிருந்து வந்தது, தண்ணீர் கலந்த மாதிரி, கொளகொளவென்று. நிற்கும், பிறகு வரும். ஒரு பெரிய திருப்தி அவர் நெஞ்சில் பரவியது. எத்தனையோ கோரிக்கை வைத்து எதையுமே முழுசாக வாங்கித் தராத வாழ்க்கையில், ஒரு தோழனுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் வாங்கிக் கொடுத்தாயிற்று. "எழுப்பாதம்மா," என்றார், கூட்டத்தில் முடிவு அறிவிக்கிற குரலில். "தூங்கட்டும். நான் திரும்பி வர வரைக்கும் எழுப்பாத." சரிங்கண்ணா, என்றாள். அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கோதண்டம் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னொண்ணு," என்றாள் பெனினா. பலகையில் கடைசிப் படம். ஒரு ஆள் படுத்திருக்கிறான், பக்கத்தில் ஒரு பெண் அவனை உலுக்குகிறாள். "வீட்ல இருக்கவங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்க. இந்த மாத்திரை போட்டவங்க எப்பவும் இல்லாத மாதிரி பெருசா குறட்டை விட்டா, கொளகொளன்னு சத்தம் வந்தா, நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா, ஆஹா நல்லாத் தூங்கறாருன்னு விட்டுடாதீங்க. அது தூக்கம் இல்ல. எழுப்பிப் பாருங்க. எழுந்திருக்கலன்னா உடனே ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரியில முறிக்கிறதுக்கு ஊசி இருக்கு. நேரத்துல வந்தா பொழைச்சுக்குவாங்க." ஏகாம்பரம் பலகையைப் பார்த்தபடியே, "நான் பொறந்ததிலேருந்து அப்படித்தான் சிஸ்டர், என் பொண்டாட்டி ஆம்புலன்ஸே வாங்கிடுவா," என்றார். மறுபடியும் சிரிப்பு. கோதண்டமும் சிரித்தார். அவருக்கு முதலில் நிஜமாகவே சிரிப்புத்தான் வந்தது. குறட்டையைப் பற்றி இந்தப் பெண் அவருக்குச் சொல்வதா. மறியலுக்காக உள்ளே போன ஒரு சிறைக்காலம் முழுவதும் கலீலின் குறட்டையோடு படுத்திருந்தவர் அவர். பிளாக்கில் அத்தனை பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள், அவன் ஒருத்தன் மட்டும் தூங்குவான், மற்றவர்கள் அவன் தூங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். திடீரென்று நின்றுவிடும். சுத்தமாக நின்றுவிடும். அந்த நிசப்தம்தான் குறட்டையைவிடக் கொடுமை, யாராலும் கண்ணை மூட முடியாது, இருட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். யாராவது ஒருத்தன் மெதுவாகச் சொல்வான், "இப்ப வரும்." வரும், தகரம் கிழிகிற மாதிரி. பிளாக்கே சிரிக்கும். வார்டர் தடியால் கம்பியைத் தட்டுவான். அப்படி நின்று நின்று வருகிற குறட்டை அவனுக்குப் பிறவியிலேயே உண்டு. இன்றைக்குப் புதுசா. புதுசு இல்லை.

ஆனால் கொளகொளப்பு இல்லை. ஜெயிலில் அது வறண்ட சத்தம். தகரம். இன்று காலையில் கேட்டது ஈரமானது. ட்ரம் சுற்றும்போது உள்ளே தோலும் தண்ணியும் புரளுகிற சத்தம். அவர் அதைக் கேட்டார், ரசித்தார், எழுப்பாதே என்று சொன்னார். இல்லை, சளி. அவனுக்கு எப்போதும் சளி உண்டு. நெஞ்சுச் சளிக்காரனுக்கு ஈரமாகத்தான் வரும். நெஞ்சுச் சளிக்காரர்களுக்கு இதைக் கொடுக்கும்போது ரொம்ப யோசிப்போம் என்று இவள் கொஞ்சம் முன்னால் சொன்னாளே, அது எந்தப் படத்துக்கு? அவர் பலகையைப் பார்த்தார், பெனினா அதை மடித்துக்கொண்டிருந்தாள். வயசானவங்க, சளி இருக்கவங்க, தூக்க மாத்திரை போடறவங்க, முதல் தடவை போடறவங்க. அவர் கேட்காமலே கேட்டிருக்கிறார், ஒவ்வொன்றும் வந்து வரிசையில் நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரே முகம். விதி எழுதுகிறவனைக் காப்பாற்ற எழுதுவது. இதில் எழுதியவனுக்கு என்ன லாபம்? எழுதியவன் யார் என்றே தெரியவில்லையே. இதன் பின்னால் முதலாளி இருந்தாக வேண்டும், தேடினார், எப்போதும் கிடைக்கிற அந்த முதலாளி கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் ஜன்னலும் ஜமீலாவின் சிரிப்பும்தான். டாக்டர் அறைக் கதவு திறந்து முதல் ஆளைக் கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தார். ஜமீலாவின் நம்பரை அழுத்தினார். மணி போனது, போனது, போய்த் தானாகவே நின்றது. குழாயடியில் இருப்பாள். தண்ணீர் வரும் நேரம். எடுக்காதது நல்லதுதான், ஏதாவது ஆகியிருந்தால் போன் கையிலேயே இருக்கும். அப்படித்தானே. ஏதாவது ஆகியிருந்தால் அவளே கூப்பிட்டிருப்பாள். ஏதாவது ஆகியிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளைப் பொறுத்தவரை அவன் தூங்குகிறான். அவர்தான் தூங்கச் சொல்லியிருக்கிறார். சிஸ்டரிடம் சொல்லலாம். இதோ பத்தடி தூரத்தில் நிற்கிறாள். என்ன சொல்வது? சிஸ்டர், எனக்குத் தெரிந்த ஒருத்தர். யார் அந்த ஒருத்தர்? எங்கே கிடைத்தது அவருக்கு? யார் கொடுத்தது? கேட்பாள். கேட்டுத்தான் ஆக வேண்டும். கோதண்டத்தின் பற்கள் தாமாகவே கடித்துக்கொண்டன. இந்தக் கேள்வியை அவர் அறிவார். போலீஸ் ஸ்டேஷனின் அந்த அறையில் கேட்டார்கள், ஜன்னல் இல்லாத அறை, இரண்டு பேர் மாற்றி மாற்றி. கழிவுத் தொட்டியில் இறங்கி இரண்டு பையன்கள் செத்ததற்கு அடுத்த நாள், ஷாப்பு கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டியவன் யார்? பேரு. அப்பன் பேரு. தெரு. அவ்வளவுதான் கேட்டார்கள், அதையே கேட்டார்கள், ஒவ்வொரு கேள்விக்கும் இடுப்பின் அதே இடத்தில் ஒரு அடி. பேரு. அப்பன் பேரு. தெரு. அவர் சொல்லவில்லை. மூன்று சொல் சொல்லியிருந்தால் இந்த முதுகு இன்னும் நேராக இருந்திருக்கும். சொல்லாததுதான் அவர். வேறென்ன இருக்கிறது அவரிடம்? பட்டம் இல்லை, வீடு இல்லை, போராடி வாங்கிய ஒப்பந்தங்களைக்கூடப் புதுத் தலைவர்கள் விற்றுத் தின்றுவிட்டார்கள். ஒரு பெயரைச் சொல்லாமல் இருந்தது மட்டும்தான் மிச்சம். அந்தப் பெயர் கலீல்.

சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அந்த நினைப்பு எப்படி, எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரியவில்லை, வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. காலி அட்டையைக் கேட்பார்கள், பாதி அட்டைதான் இருக்கும், மீதி எங்கே ஐயா? இனிமேல் உங்களுக்குக் கொடுக்க முடியாது ஐயா. நிறுத்தினால் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவோம், பயப்படாதீங்க, என்று டாக்டரம்மா முன்பு சொல்லியிருக்கிறாள், ஆனால் குறைத்தாலும் கடைசியில் என்ன? பழைய இரவுகள். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கும் இரவுகள். வெந்நீர்ப் பை ஆறும் இரவுகள். அடுத்த மே தினத்தில் கொடியை வேறு எவனோ ஏற்றுவான், கான்ட்ராக்ட் எடுத்தவன் ஏற்றுவான், கோதண்டம் பின்னறையில் படுத்தபடி கோஷத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளங்கால் வரை எரிந்தது. இப்போதே எரிந்தது. மாத்திரை உள்ளே இருக்கும்போதே எரிந்தது. ஒரு தட்டில் கலீலின் மூச்சு, ஒரு தட்டில் என் கால். இந்த எடைபோடலைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் மேடையில் திட்டினார். இரண்டு பையன்கள் செத்தபோது முதலாளி இதைத்தான் செய்தான், கம்பெனியை இந்தப் பக்கம் வைத்து, அவர்களை அந்தப் பக்கம் வைத்து, கொஞ்ச நேரம் யோசித்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பையன்கள் மூழ்கினார்கள். கோதண்டமே எழுதினார் அதை, சிவப்பு மையில் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டினார்: யோசித்துக்கொண்டிருந்தவனே கொலைகாரன். நிமிர்ந்தபோது எதிர் பெஞ்ச் பாதி காலியாகியிருந்தது. ஏகாம்பரம்கூட உள்ளே போய்விட்டு வந்து மருந்துச் சீட்டை நெற்றிக்கு நேராகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமா? இப்போதுதானே பலகையை மடித்தாள்?

மறுபடி அழுத்தினார். விரல் தவறி வேறு எங்கோ போனது, அணைத்தார், மறுபடி அழுத்தினார். மணி போனது. எடு. போனது. எடும்மா. "அண்ணா," என்றாள் ஜமீலா, பின்னால் குழாயடிச் சத்தம், குடங்களின் சத்தம், எவளோ எவளையோ திட்டிக்கொண்டிருந்தாள். "தண்ணிக்கு வந்தேன் ணா, போன உள்ள வெச்சிட்டேன், இப்பதான் எடுத்தாந்தேன். டாக்டரம்மாவைப் பாத்தாச்சா?" "கலீல் எங்க?" "தூங்கறாரு ணா. நீங்க சொன்னபடி எழுப்பவே இல்ல." "குறட்டை கேக்குதா?" "அதான் ணா, நானே சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள், அந்தக் காலைச் சிரிப்பு இன்னும் அவள் குரலில் இருந்தது. "கொஞ்ச நேரம் முன்னதான் அதுவும் நின்னுச்சு. இப்பதான் சத்தமே இல்லாம அமைதியா தூங்கறாரு."

கைத்தடி தரையில் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்றிருந்தார். எரிச்சல் காலின் முழு நீளத்துக்கும் இறங்கியது, அதற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லாததுபோல அதன்மேல் நடந்து போனார். பெனினா மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். "சிஸ்டர்," என்றார். அது ஷாப்பு வாசலில் மைக் இல்லாமல் பேசிய குரல், கூடம் முழுவதும் திரும்பியது, டாக்டர் அறைக் கதவு திறந்தது. "என் மாத்திரையை நான்தான் கொடுத்தேன். என் அளவே கொடுத்தேன். ராத்திரியே ரெண்டு போட்டிருக்கான், தூக்க மாத்திரையும் போட்டிருக்கான். காலையில கொளகொளன்னு குறட்டை, இப்ப அது நின்னுடுச்சாம்." பெனினா நிமிர்ந்தாள். யார் கொடுத்தது, ஏன் கொடுத்தீங்க, எதையும் கேட்கவில்லை. போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, மேசைத் தொலைபேசியைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளினாள். "ஆம்புலன்ஸுக்குப் போடு. ஐயா, பேரு? எந்த ஊரு, எந்தத் தெரு?"

அவர் வாயைத் திறந்தார். முதுகில் அந்த இடம், எந்த டாக்டர் விரல் வைத்தாலும் அவர் துள்ளுகிற இடம், ஒருமுறை சுருங்கியது. "கலீல்," என்றார். கேட்கப்படாததையும் சேர்த்து, அந்த அறையில் கேட்ட அதே வரிசையில் சொன்னார். "அப்பா பேரு இஸ்மாயில். உப்புக் கிடங்குத் தெரு. குழாயடிக்கு எதிர் வீடு." ஊர்ப் பெயரையும் சொன்னார். சொல்லி முடித்ததும் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், அதற்கு முதுகு இருந்தது.

பெனினா போனின் சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்துக் குனிந்து பேசினாள். "அம்மா, பயப்படாம நான் சொல்றதைக் கேளுங்க. உள்ள போங்க. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உலுக்குங்க. உதடு நீலமா இருக்கான்னு பாருங்க. மூச்சு வருதான்னு மூக்குகிட்ட காதை வெச்சுக் கேளுங்க." குடம் ஒன்று சிமெண்டில் விழுந்து உருண்டது. ஓடுகிற செருப்புச் சத்தம், கதவு, பிறகு ஒரு வீட்டின் உட்புறத்து அமைதி. "என்னங்க," என்றாள் ஜமீலா. புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வரவில்லை. "என்னங்க. ஏங்க." டாக்டரம்மா வந்து மேசையருகே நின்றாள். கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள், ஏகாம்பரம் பட்டை போட்ட கழுத்தோடு உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். "என்னங்க, எழுந்திருங்க. அண்ணா கூப்பிடறாரு." போனிலிருந்து துணி சரசரக்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. ஒரு பிளாக் முழுவதும் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்ததுபோல அந்தக் கூடம் காத்திருந்தது. கோதண்டம் போனைப் பார்த்தபடி, உதடு அசையாமல், உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்: இப்ப வரும். இப்ப வரும்.